அட்மிஷன் வந்துவிட்டது, ரூம் வந்ததா? தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழக விடுதிக்குப் போகத் தயாராவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது ஒரு காரியம், தங்க அறை கிடைப்பது வேறு காரியம். இரண்டும் ஒரே கடிதத்தில் வரும் என்று நம்பிப் பெட்டி கட்டத் தொடங்கும் குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய. நான் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படித்து விடுதியில் இருந்தவள். பிறகு என் தம்பியைக் கேப்டவுனில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். இரண்டு தடவையும் எங்களை அலைக்கழித்தது சாமான் இல்லை, காகிதமும் தேதியும்தான். யாரும் இதைத் தமிழில் ஒரே இடத்தில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரே படிக்க வருபவர்கள், அப்பா அம்மா வேலைக்காக வந்து பள்ளியை இங்கேயே முடித்தவர்கள், டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ தலைமுறையாக இருந்துகொண்டு முதல் தடவையாகப் பிள்ளையை வெளியூர் அனுப்புபவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இது. விசா பகுதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் தாண்டிப் போங்கள். இங்கே விடுதியை எல்லாரும் ‘ரெஸ்’ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. முதலில் காலண்டர்

இங்கே கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி ஆண்டுக் கடைசியில் முடியும். மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை) ரிசல்ட் ஜனவரியில் வரும். ரிசல்ட்டுக்கும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் நடுவே சில வாரம்தான், அதற்குள் அறை, பணம், பயணம் எல்லாம் முடிய வேண்டும். தமிழ்நாட்டில் மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வாங்கியவர்களுக்கு எட்டு ஒன்பது மாதம் கையில் இருப்பது போலத் தெரியும். ஆனால் விண்ணப்பம் மூடுவது அந்த மாதங்களில்தான். கேப்டவுன் பல்கலைக்கழகம் வழக்கமாக முந்தைய ஆண்டு ஏப்ரலில் திறந்து ஜூலை கடைசியில் மூடிவிடும். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போக வேண்டும், அங்கே பெரும்பாலான படிப்புகளுக்கு செப்டம்பர் கடைசி, மருத்துவத்துக்கு அதற்கும் முன்னால்.

இன்னொரு தேதியையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: டிசம்பர் 16. அன்று அரசு விடுமுறை. அதிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இந்த நாட்டில் ஒரு அலுவலகத்திலும் ஒரு காகிதமும் நகராது. ரெஸ் அலுவலகத்துக்கு மெயில் போட்டால் ‘ஜனவரியில் சந்திப்போம்’ என்று தானியங்கி பதில் வரும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். கேள்வி எதுவாக இருந்தாலும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

2. ரெஸ்ஸுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்

படிப்புக்கான விண்ணப்பத்தில் ‘தங்கும் இடம் தேவையா’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் ஆம் என்று போட்டதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். சில பல்கலைக்கழகங்களில் அது போதும், சிலவற்றில் மாணவர் எண் வந்தபிறகு இணையத்தில் போய் ரெஸ்ஸுக்குத் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். எது என்று நீங்களே மெயில் போட்டுக் கேளுங்கள், கடை மூடியபிறகு கேட்டுப் பயனில்லை.

உள்ளூர்க் குடும்பங்களுக்கு ஒன்று. வீட்டுக்கும் வளாகத்துக்கும் உள்ள தூரத்தையும் பார்த்துத்தான் அறை கொடுப்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் வீடு, வெஸ்ட்வில்லில் படிப்பு என்றால் வரிசையில் பின்னால்தான் நிற்பீர்கள். அந்த நிலையில் உள்ளவர்கள் ரெஸ்ஸை நம்பிக் காத்திருக்காமல் வண்டி ஏற்பாட்டையோ வெளி அறையையோ இணையாகப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படிவத்தில் ‘சமையல் உள்ளதா, நீங்களே சமைப்பதா’ என்ற தேர்வு வரும். கேப்டவுனில் முதலாண்டு மாணவர்களைப் பெரும்பாலும் சாப்பாட்டுக்கூடம் உள்ள ரெஸ்ஸில்தான் போடுவார்கள். டர்பன் பக்கம் பெரும்பாலும் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் உணவு விருப்பத்தை இந்தப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீட்டுப் பிள்ளைகள் அந்த ஒரு மாதத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று சேர்ந்தவுடனே சாப்பாட்டுக்கூடத்தில் கேட்டு வையுங்கள், செப்டம்பரில் போய்க் கேட்டால் இழுப்பார்கள்.

3. ஆஃபர் வந்தால் அன்றே ஏற்றுக்கொள்ளுங்கள்

ரெஸ் ஆஃபர் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரும். அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அழுத்தி, கேட்ட முன்பணத்தையும் கட்டவில்லை என்றால் அறை அடுத்தவருக்குப் போய்விடும், யாரும் போன் செய்து ஞாபகப்படுத்த மாட்டார்கள். ஸ்பேம் பெட்டியை தினமும் பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் எண்ணை ஆஃபர் வரும்வரை மாற்றாதீர்கள், நம் ஆட்கள் சிம் மாற்றுவதில் கெட்டிக்காரர்கள்.

ரிசல்ட்டுக்கு முன்னால் வருவது நிபந்தனை ஆஃபர். அதை வைத்துக்கொண்டு திரும்பப் பணம் வராத விமான டிக்கெட் எடுக்காதீர்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு வரும் உறுதிக் கடிதத்தில் ரெஸ்ஸின் பெயர், உள்ளே வரவேண்டிய நாள், நேரம் எல்லாம் இருக்கும். அதுதான் உண்மையான கடிதம். அதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளை என்றால் ரெஸ் ஒப்பந்தத்தில் அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லை என்றால் அதற்கே நாள் ஆகும், முன்கூட்டியே யோசியுங்கள்.

4. பணம்: எவ்வளவு என்பதைவிட எப்போது

ரெஸ் கட்டணம் ஊருக்கு ஊர், கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், அந்தந்த ஆண்டுக்கான கட்டணப் புத்தகத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது வேறு. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் ஒரு குறைந்தபட்ச முன்பணம் கேட்பார்கள், படிப்புக்கு ஒன்று, ரெஸ்ஸுக்கு ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்து ஒரே மாதத்தில் வரும், அதே மாதத்தில்தான் டிக்கெட்டும் படுக்கைச் சாமானும் லேப்டாப்பும். வெளிநாட்டு மாணவர்களிடம் பல இடங்களில் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் ஆரம்பத்திலேயே கேட்பார்கள், அதன் மேல் வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று தனியாக ஒன்றும் இருக்கும். ஜனவரி மாதத்துக்கான பணத்தை முந்தைய அக்டோபரிலிருந்தே ஒதுக்கிவிடுங்கள்.

பணம் அனுப்பும்போது ‘ரெஃபரன்ஸ்’ என்ற இடத்தில் மாணவர் எண்ணைத் தவிர வேறு ஒரு எழுத்தும் போடாதீர்கள். பிள்ளை பெயர், அப்பா பெயர், ‘ஃபீஸ்’ என்று அன்பாக எழுதி அனுப்பிய பணம் யாருடையது என்று தெரியாமல் பல்கலைக்கழகக் கணக்கில் கிடக்கும், இங்கே பிள்ளை ரெஜிஸ்ட்ரேஷன் வரிசையில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் பணம் சேரச் சில வேலை நாட்கள் ஆகும், வங்கி கொடுக்கும் ஸ்விஃப்ட் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டால் பணம் வந்து சேராத நாளிலும் அதைக் காட்டிப் பேசலாம்.

தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் அரசு உதவிக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் தங்கும் செலவும் அதில் வரும், ஆனால் பல்கலைக்கழக ரெஸ்ஸிலோ அங்கீகாரம் பெற்ற தனியார் விடுதியிலோ இருந்தால்தான். படிப்பு விசாவில் வருபவர்களுக்கு இது கிடையாது. ‘வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. விசாவும் மருத்துவக் காப்பீடும்

நேரே வருபவர்களுக்கு இதுதான் மலை. அட்மிஷன் கடிதம் கையில் வந்த வாரமே படிப்பு விசாவுக்கான காகிதங்களைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கடிதம், மருத்துவச் சான்று, 18 வயது தாண்டியவர்களுக்கு போலீஸ் சான்று, பணம் இருப்பதற்கான ஆதாரம், மருத்துவக் காப்பீடு. மருத்துவச் சான்று ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. போலீஸ் சான்று, ஒரு வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்த மற்ற நாடுகளிலிருந்தும் கேட்பார்கள். நடுவில் துபாயில் இரண்டு வருடம் இருந்திருந்தால் அங்கிருந்தும் வாங்க வேண்டி வரலாம், அதற்கே மாதக்கணக்கில் இழுக்கலாம், ஆகையால் முதலில் அதைத் தொடங்குங்கள். விசா கைக்கு வர எட்டு வாரம், அதற்கு மேலும் என்று கணக்குப் போடுங்கள்.

காப்பீட்டில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஊரில் ஏஜென்ட் விற்கும் பயணக் காப்பீடு இங்கே செல்லாது. தென்னாப்பிரிக்காவில் பதிவான மருத்துவத் திட்டமாக இருக்க வேண்டும். மொமெண்டம் நிறுவனத்தின் இங்வே திட்டம் மாதிரி மாணவர்கள் அதிகம் எடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. பணத்தை மாதாமாதம் கட்டலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் டிசம்பர் வரை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், அந்த ரசீது இல்லாமல் ரெஜிஸ்ட்ரேஷன் நடக்காது. ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை என்றால் ரெஸ் சாவியும் கையில் நிற்காது.

இங்கேயே பள்ளி முடித்தவர்கள், அப்பாவின் வேலை விசாவோடு ஒட்டிய விசா இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கப் படிப்பு விசா தனியாக வேண்டும். மெட்ரிக் படிக்கும் ஆண்டிலேயே, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் அலுவலகத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள். படிப்பு விசாவில் எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருக்கும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் விசாவையும் மாற்ற வேண்டும். புதுப்பிப்பது என்றால் முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதி நேர வேலை பார்க்கலாம்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் எடுப்பவர்கள் அங்கே எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும்.

6. ஒரு கோப்பு, அதில் எல்லாம்

துணி எடுக்கும் முன் நல்ல பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள். அட்மிஷன் கடிதம், ரெஸ் உறுதிக் கடிதம், அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டும் விசாவும், மதிப்பெண் சான்று, பணம் கட்டிய ரசீதுகள், காப்பீட்டுச் சான்று, அப்பா அம்மாவின் அடையாள அட்டை நகல், வீட்டு முகவரிக்கு ஆதாரமாக மின்சாரம் அல்லது தண்ணீர் பில், பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஒவ்வாமையோ தொடர் மருந்தோ இருந்தால் டாக்டர் கடிதம். ஒவ்வொன்றுக்கும் சர்டிஃபைட் நகல் இரண்டு மூன்று.

சர்டிஃபைட் நகல் என்றால், மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது. எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசமாகச் செய்வார்கள், காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நகல் எடுக்கும் மெஷின் அங்கே இருக்காது, வெளியே எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் போனால் நல்லது, மாதக் கடைசியில் கூட்டம் அதிகம். கவுண்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பாருங்கள்: முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் இருக்கிறதா. மை காய்ந்து தேதி பாதி மட்டும் தெரிந்தால் அந்த நகல் குப்பைக்குத்தான். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, ஆகையால் அக்டோபரிலேயே முடித்துவைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ஜனவரியில் செய்யுங்கள். எல்லாவற்றையும் போனிலும் மெயிலிலும் ஸ்கேன் செய்து வைப்பது நல்லது.

7. எதைக் கொண்டுவருவது, எதை இங்கே வாங்குவது

ரெஸ்ஸில் கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி இருக்கும். மற்றதெல்லாம் நம் பொறுப்பு. தலையணை, போர்வை, பெட்ஷீட், வாளி எதையும் விமானத்தில் ஏற்றாதீர்கள். உள்நாட்டு விமானத்தில் மலிவு டிக்கெட்டுக்குப் பெட்டிக்கே தனியாகக் காசு, அந்தக் காசில் இங்கே புதுசு வாங்கலாம். பெப், கேம், மிஸ்டர் ப்ரைஸ் ஹோம், ஷாப்ரைட் எல்லா ஊரிலும் இருக்கும், ஜனவரியில் மாணவர்களுக்கென்றே தள்ளுபடி போடுவார்கள். கட்டில் அளவைக் கேட்டுவிட்டு பெட்ஷீட் வாங்குங்கள். இங்கே சிங்கிள் மெத்தை 92 சென்டிமீட்டர் அகலம், 188 நீளம், ஊரிலிருந்து கொண்டுவந்த சிங்கிள் விரிப்பு சரியாக உட்காராது. மெத்தை உறை ஒன்று கட்டாயம் வாங்குங்கள், யார் யாரோ படுத்த மெத்தை அது. படுக்கைச் சாமான், கெட்டில், பாத்திரம், வாளி, பூட்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து நாலாயிரம் ரேண்டுக்குள் முடித்துவிடலாம், சின்ன ஃப்ரிட்ஜ் தனிக் கணக்கு. ஃப்ரிட்ஜ் வாங்கும் முன் அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், ஊர்ச் சாமான் ஓடும். ப்ளக்தான் பிரச்சினை. தமிழ்நாட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று உருண்டை முனை ப்ளக் இங்கே சுவரில் நேராகப் போகும். மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் உள்ள சின்ன மூன்று முனை போகாது. இலங்கையின் சதுர முனையும் போகாது. இங்கே வந்தபின் ஒரு மல்டி ப்ளக் வாங்குங்கள், அதில் இரண்டு முனை போன் சார்ஜர் நேரடியாகச் செருகும். மின்சாரம் திடீரென்று போய்த் திரும்ப வரும் நாடு இது, லேப்டாப்புக்கு சர்ஜ் பாதுகாப்பு உள்ள மல்டி ப்ளக்காகப் பார்த்து வாங்குங்கள். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முன்போல மோசமில்லை, ஆனாலும் ரீசார்ஜ் விளக்கு ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் மின்சாரத்தைவிடத் தண்ணீர் நிற்பதுதான் தொல்லை, ஐந்து லிட்டர் கேன் இரண்டு எப்போதும் நிரம்பி இருக்கட்டும்.

துணி விஷயம் ஊரைப் பொறுத்தது. டர்பனில் ஜனவரி, பிப்ரவரி புழுக்கம் சென்னைக்குக் குறையாது. அடைத்து வைத்த அலமாரியில் தோல் செருப்பிலும் பட்டுத் துணியிலும் பூஞ்சை பிடித்துவிடும், ஒரு டேபிள் ஃபேன் வாங்குங்கள், பட்டுத் துணியை வீட்டிலேயே வையுங்கள். கேப்டவுனில் மழையும் குளிரும் ஒன்றாக ஜூனில் வரும், குடை காற்றில் நிற்காது, மழைக்கோட்டுதான். ஜோஹன்னஸ்பர்க் குளிர் வறண்டது, இரவில் எலும்புக்குள் போகும். குளிர்காலத் துணியை ஊரிலிருந்து சுமக்காமல் ஏப்ரல் மாதம் இங்கே வாங்குங்கள்.

ஹாட் பிளேட், கம்பி சிவக்கும் ஹீட்டர், மெழுகுவர்த்தி இவற்றைப் பெரும்பாலான ரெஸ்ஸில் அறைக்குள் விடமாட்டார்கள். ரைஸ் குக்கர் சில இடத்தில் சமையலறையில் மட்டும் சரி, அறையில் கூடாது. விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், பிடுங்கி வைத்தால் ஆண்டுக் கடைசியில்தான் கொடுப்பார்கள்.

8. சாமி படமும் விளக்கும்

அம்மாக்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பிள்ளையின் பெட்டியில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி வைத்து அனுப்புகிறீர்கள். கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது, ஒரு கட்டி கற்பூரம் போதும், நடு இரவில் கட்டடம் முழுக்க அலாரம் அடித்து எல்லாரும் நைட்டியோடு வாசலில் நிற்க வேண்டியதுதான், அபராதமும் வரும். சாமி படம், விபூதி, குங்குமம், பேட்டரி விளக்கு ஒன்று, இது போதும். டர்பனில் இருப்பவர்களுக்கு உம்கேனி ரோடு கோயில் இருக்கிறது, தைப்பூசக் காவடியும் பல ஆண்டு ரெஜிஸ்ட்ரேஷனை ஒட்டித்தான் வரும். விளக்கை அங்கே ஏற்றட்டும்.

9. சாப்பாட்டு மூட்டை

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் முதல் மாதத்துக்குப் போதுமான அளவு மட்டும். கறிவேப்பிலை, விதை, தேன், கருவாடு இவற்றை விமானத்தில் கொண்டுவராதீர்கள், அனுமதி இல்லாமல் வந்தால் எடுத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலை மரம் டர்பனில் தெருவுக்குத் தெரு உண்டு, எந்த ஆன்ட்டியிடம் கேட்டாலும் ஒரு கொத்து ஒடித்துத் தருவார்.

மளிகைக்கு டர்பனில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட். ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஃபோர்ட்ஸ்பர்க் பக்கத்திலேயே. கேப்டவுனில் ரைலண்ட்ஸ் பக்கம், அல்லது போ-காப்பில் வேல் ஸ்ட்ரீட்டில் உள்ள அட்லஸ் மசாலாக் கடை. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் டேஸ்டிக் அரிசி புழுங்கல்தான், உதிரி உதிரியாக வரும். தயிருக்கு ‘மாஸ்’ என்று விற்கும் புளித்த பாலை வாங்கிப் பாருங்கள், உப்புப் போட்டுப் பிசைந்தால் தயிர்சாதம் குறையில்லாமல் இருக்கும். மாமியார் மசாலா என்று விற்கும் மிளகாய்த் தூளை மட்டும் ஊர் அளவில் போடாதீர்கள்.

பொதுச் சமையலறையில் பாத்திரத்தை விட்டுவிட்டு வந்தால் திரும்பும்போது அது இருக்காது, இருந்தாலும் அதில் என்ன சமைத்தார்கள் என்று தெரியாது. மாட்டிறைச்சி தொடாதவர்கள், சைவர்கள் ஒரு கடாய், ஒரு கரண்டி, ஒரு டப்பாவைத் தனியாக அறையிலேயே வைத்து, சமைக்கும்போது மட்டும் எடுத்துப் போங்கள். பொது ஃப்ரிட்ஜில் பூட்டு டப்பா.

10. உள்ளே போகும் நாள்

கடிதத்தில் சொன்ன நாளுக்கு முந்தைய நாள் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், செக்யூரிட்டியிடம் கெஞ்சுவதில் பயனில்லை. வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் முன்னால் வந்து உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கி, காலையில் முதல் ஆளாகப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் யாரிடமாவது பக்கி வண்டி (பின்னால் திறந்த சாமான் வண்டி) இரவல் கேட்டு வையுங்கள். கூட வருபவர்கள் இரண்டு பேர் போதும், பாட்டி முதல் சித்தப்பா பிள்ளைகள் வரை அழைத்துப் போனால் நிறுத்த இடம் இருக்காது.

சாவி கொடுக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அறையில் என்னென்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று. ரெஸ் உதவியாளர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘நன்று’ என்று டிக் போட்டு நீட்டுவார், அவருக்கு அன்று நூறு அறை. நீங்கள் அவசரப்படாதீர்கள். கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். ஜன்னல் கொக்கி மாட்டுகிறதா. மெத்தையைத் தூக்கி ஓரத் தையலைப் பாருங்கள், கறுப்புப் புள்ளி வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி, அப்போதே வேறு மெத்தை கேளுங்கள். அலமாரிக் கதவின் கீழ்க் கீல் ஒரு திருகில் தொங்குகிறதா, மேசையில் அயர்ன் பாக்ஸ் சுட்ட தடம் இருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா, ப்ளக் பாயின்ட் ஒவ்வொன்றிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். உடைசல் ஒவ்வொன்றையும் படிவத்தில் எழுதி, போட்டோ எடுத்து, அன்றே ரெஸ் அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் உடைத்த அலமாரிக் கம்பிக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். முதல் நாள் போட்ட மெயிலைக் காட்டியபிறகுதான் விட்டார்கள்.

11. முதல் வாரத்துக்குள்

சிம் கார்டுக்கு பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையும் முகவரி ஆதாரமும் கேட்பார்கள், அது சட்டம். தெருவில் ‘ஏற்கனவே பதிவு செய்தது’ என்று விற்கும் சிம்மை வாங்காதீர்கள், அது இன்னொருவர் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கை அதோடு இணைத்தால் ஆபத்து. ரெஸ் அலுவலகத்தில் ‘இவர் இங்கே தங்குகிறார்’ என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் ஒன்று வாங்குங்கள், சிம்முக்கும் வங்கிக் கணக்குக்கும் அதுவே போதும். வங்கியில் வெளிநாட்டு மாணவர்களிடம் விசாவும் ரெஜிஸ்ட்ரேஷன் சான்றும் சேர்த்துக் கேட்பார்கள். மாணவர் கணக்கு என்று சொல்லித் திறங்கள், மாதக் கட்டணம் குறைவு.

போனில் போட்டு வைக்க வேண்டிய எண்கள்: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து எதற்கும் 112, அதோடு வளாகப் பாதுகாப்பு அலுவலக எண். இருட்டியபின் வளாகப் பேருந்திலோ ஆப் டாக்ஸியிலோ வாருங்கள், தெருவில் நடந்துகொண்டே போன் பேசாதீர்கள். பக்கத்து அறைக்குப் போகும்போதும் கதவைப் பூட்டுங்கள், லேப்டாப் திருட்டு அந்த இரண்டு நிமிடத்தில்தான் நடக்கிறது.

12. ரெஸ் கிடைக்காமல் வெளியே அறை எடுப்பவர்கள்

ஜனவரியில் வாட்ஸ்அப் குழுக்களில் அழகான அறைப் படங்கள் வரும், ‘இன்று டெபாசிட் அனுப்பினால் உங்களுக்கு’ என்பார்கள். நேரில் பார்க்காமல் ஒரு சென்ட் அனுப்பாதீர்கள். ஊரில் இருந்தால் இங்கே உள்ள தெரிந்தவர் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், நம் ஆட்களிடம் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள விடுதிகளை முதலில் பாருங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் வைக்க வேண்டும், குடிபோகும் முன்பும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து அறையைப் பார்வையிட வேண்டும். பாக்கியோ சேதமோ இல்லை என்றால் ஒப்பந்தம் முடிந்த 7 நாளுக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டால் பிறகு பேச்சு குறையும். வாடகை பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, தண்ணீர், மின்சாரம், வைஃபை அதில் அடங்குமா என்றும் கேளுங்கள்.

13. லீவில் எங்கே போவீர்கள்

ரெஸ் கட்டணம் பெரும்பாலும் படிப்பு நடக்கும் நாட்களுக்குத்தான். ஜூன், ஜூலை லீவில் சில கட்டடங்களை மூடுவார்கள், தங்க வேண்டும் என்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஆண்டுக் கடைசிப் பரீட்சை முடிந்த ஓரிரு நாளில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது பரீட்சை அட்டவணையையும் ரெஸ் மூடும் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள், பொதுவாக நவம்பர் கடைசிக்குப் பிறகு டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும். சாமானை வைக்க ரெஸ்ஸில் ஸ்டோர் ரூம் இருக்கிறதா என்று அக்டோபரிலேயே கேட்டுப் பெயர் கொடுங்கள், இல்லை என்றால் உள்ளூர் நண்பர் வீட்டு கராஜில் இரண்டு பெட்டிக்கு இடம் பிடியுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான அறை தானாக வராது. அதற்கான விண்ணப்பம் இரண்டாம் செமஸ்டரில் திறக்கும், மதிப்பெண்ணையும் கட்டணப் பாக்கியையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் ரெஸ் நோட்டீஸ் போர்டையும் மெயிலையும் வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டே இருங்கள். காலி செய்யும் நாளில் அறையைக் கூட்டி, மறுபடியும் போட்டோ எடுத்து, சாவியைக் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாதுகாப்பு மேசையில் வைத்துவிட்டு வந்த சாவிக்கு ரசீது கிடையாது, தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவு உங்கள் கணக்கில்தான் ஏறும்.